சத்தம் போதாத வீடு

ஹோ
9 செப்டம்பர் 2024, திங்கள்

செனாம் அம்மாவுக்கு,

கை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். இரண்டு வாரமாக ரிமோட்டைக் காணவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சோபாவைப் புரட்டிப் போட்டுத் தேடியாயிற்று. மெத்தைக்கு அடியில், அரிசிப் பானைக்குள், உன் பைபிள் பைக்குள்கூடப் பார்த்துவிட்டேன். டிவி கம்பெனிக்காரன் பெட்டியில் ஒரு பொத்தான் வைத்திருந்தால் அவன் குடியா முழுகிப் போயிருக்கும்? நம் பழைய பெட்டியில் முன்பக்கம் வரிசையாக ஆறு பொத்தான். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். இதை முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், தலைகீழாக்கியும் பார்த்தேன். மொழுக்கென்று இருக்கிறது. நீ போன அன்று எந்தச் சானல் ஓடியதோ அதுவேதான் இன்றும் ஓடுகிறது. சுவரில் சுவிட்சைப் போட்டால் வரும், அணைத்தால் போகும். வேறு எந்தச் சுதந்திரமும் எனக்கு இல்லை.

அந்தச் சானலில் என்ன வருகிறது என்று உனக்கே தெரியும். இந்திய நாடகம். உடம்பெல்லாம் நகை போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்கும் பெண்களுக்கு நம் அக்ரா ஆட்கள் ட்வி மொழியில் குரல் கொடுக்கிறார்கள். வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் போகிறது. வாயைப் பார்த்தால் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. இதை எல்லாம் ஒரு தயாரிப்பு என்று வீட்டுக்குள் அனுப்புகிறார்கள்.

புது சவுண்ட்பாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேச்சில் கூர்மை இல்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவது மாதிரி வந்தது. கடைக்கார பிராஸ்பர் என்னைப் பார்த்ததுமே, "எஃபோ ரிட்டர்ன் வந்துட்டாரு, பில் புக்க எடுங்கப்பா" என்றான். அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு வாலில் பட்டப்பெயரை ஒட்டுகிறான். முப்பது வருஷம் இந்த ஹோ ஊரின் அத்தனை சாவுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவன் நான். தெருமுனையில் நின்றே எந்தப் பெட்டிக்குள் காகிதக் கோன் கிழிந்திருக்கிறது என்று சொன்னவன். எனக்குச் சத்தம் பற்றி இவன் சொல்லித் தருகிறான்.

அது கிடக்கட்டும். எழுத வந்தது வேறு. நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று திரும்பி ஏதோ சொன்னாய். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை. நம் ஊரில் போகிறவர்கள் யாரும் 'போறேன்' என்பதில்லை, 'வரேன்' என்றுதான் சொல்வார்கள். திரும்பி வரவே போவதில்லை என்று முடிவு கட்டியவர்கள் மட்டும்தான் 'போறேன்' என்பார்கள். நீ எதைச் சொன்னாய்?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். இந்தப் பொத்தான் போனின் ஸ்பீக்கர் ஒன்றுக்கும் உதவாது. அன்லோகா வண்டி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவரிடமே பதில் கொடு.

காட்ஸ்வே


அன்லோகா
15 செப்டம்பர் 2024, ஞாயிறு

செனாம் அப்பாவுக்கு,

டிரைவர் கடிதத்தைக் கொடுத்தார். ஒரு பக்கம் முழுக்க ரிமோட், டிவி, சவுண்ட்பார். என் கைக்கு ஒரே ஒரு வரி, அதுவும் 'கேட்டதாக வைத்துக்கொள்'. வைத்துக்கொண்டேன். இடது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் விரிசல். மாவுக்கட்டுப் பிரிக்க இன்னும் நாலு வாரம் ஆகும். ஜிஃபாதான் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். அறுபதை நெருங்கும் வயதில் தங்கச்சி முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கிளம்பிய அன்று ஜெனரேட்டர் ஓடவில்லை. கரண்ட் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கூ எனக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பொய் சொல்வதென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வரி எழுதுவீர்கள் என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. நான் எழுதுகிறேன். மத்தியானம் மூன்று மணி. குளியலறையில் சோப்பு வழுக்கிக் கீழே விழுந்தேன். கை என் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கதவு பாதி திறந்திருந்தது. அங்கிருந்து நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி பத்து எட்டுத் தூரம்தான். உங்கள் பின்னந்தலை எனக்குத் தெரிந்தது. 'செனாம் அப்பா' என்று கூப்பிட்டேன். ஏழெட்டுத் தடவை கூப்பிட்டேன். அப்புறம் 'காட்ஸ்வே' என்று கூப்பிட்டேன். கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் திரும்பவில்லை. டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தைத்துக்கொண்டிருந்த அக்கூவுக்குக் கேட்டது. கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். அப்போது நீங்கள் அவளைப் பார்த்து என்ன கேட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "என்ன அக்கூ, தைச்ச துணி கொண்டுவந்தியா?"

எசெனம் என்று எனக்குப் பேர் வைத்தார்கள். 'என் குரலைக் கேட்டான்' என்று அர்த்தம். என் அம்மா மேலே இருக்கிறவனை நினைத்து வைத்தாள். கட்டிக்கொண்டவர் விஷயத்தில் அந்தப் பேர் பலிக்கவில்லை.

வாசலில் நான் என்ன சொன்னேன் என்று சொல்லப் போவதில்லை. சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும்.

எசெனம்


ஹோ
23 செப்டம்பர் 2024, திங்கள்

செனாம் அம்மாவுக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் மேல்தான் தப்பு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

வீட்டு விஷயம் சொல்கிறேன். ரிமோட் இன்னும் கிடைக்கவில்லை. அந்த நாடகத்தில் பச்சைச் சேலைக்காரி வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவள் புருஷன் தினமும் ஜன்னல் பக்கம் நின்று அழுகிறான். அழுகைக்கு ட்வி தேவைப்படவில்லை, அது புரிகிறது.

கூடத்துக்குப் புது ஃபேன் மாட்டியிருக்கிறேன். இப்படி ஒரு ஃபேனை நான் பார்த்ததில்லை. காற்று அள்ளுகிறது, சத்தம் என்பது மருந்துக்கும் இல்லை. பிராஸ்பரிடம் போய், "இதான்டா சாமான், இதைச் செஞ்சவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றேன். அவன் கண்ணை விரித்துக்கொண்டு, "எஃபோ ரிட்டர்ன், உங்க வாயால நல்ல வார்த்தையா? யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

நம் பிள்ளை செனாம் வேலைக்குப் போனபோது விட்டுப்போன கேம் பெட்டியைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்குள் வந்த சாமான்களில் ஏமாற்றாதது அது ஒன்றுதான். அதைப் போட்டால் ரிமோட் இல்லாமலே டிவி தானாக அதற்கு மாறிவிடுகிறது, அணைத்தால் மறுபடி நாடகம். அந்தக் கண்ட்ரோலர் இருக்கிறதே, அது நேர்மையான சாமான். பந்து கம்பத்தில் பட்டால் கையில் ஒரு உதறல். கோல் விழுந்தால் உள்ளங்கை முழுக்க நடுக்கம். என்ன நடக்கிறது என்று நம் கையைப் பிடித்துச் சொல்லிவிடுகிறது. டிவிக்காரனும் ரேடியோக்காரனும் அதைச் செய்தவன் காலடியில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நீ இல்லாமல் கம்ப்யூட்டரோடு ஆடிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. அதனால் உன் கண்ட்ரோலரையும் போட்டு உன் மஞ்சள் சட்டை அணியையே எடுத்தேன். உன் கண்ட்ரோலர் மேஜைமேல் கிடக்க நான் மட்டும் ஆடினேன். உன் ஆட்கள் விட்ட இடத்திலேயே நின்றார்கள். நான் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் போய்க் கோல் போட்டேன். பதினாலு பூஜ்யம். ஒவ்வொரு கோலுக்கும் உன் கண்ட்ரோலரும் மேஜைமேல் நடுங்கியது. நடுங்கி நடுங்கி நகர்ந்து, பதினாலாவது கோலுக்குக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தேன். உன்னை ஜெயிக்க வேண்டும் என்று நாலு வருஷமாகத் தவித்தவன். ஜெயித்த பிறகு பெட்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நீ எனக்கு எதிராகக் கோல் போட்டதும் ஒரு ஆட்டம் ஆடுவாயே, தோளைக் குலுக்கிக்கொண்டு. அதைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

வாசலில் சொன்னதை மட்டுமாவது எழுது.

காட்ஸ்வே


அன்லோகா
29 செப்டம்பர் 2024, ஞாயிறு

செனாம் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்கும்போது எனக்கு என்ன ஆசை இருந்தது தெரியுமா? ஏதாவது ஒரு காரணம் எழுதியிருப்பீர்கள் என்று. தலை சுற்றியது, தூங்கிப்போய்விட்டேன், என்னவாவது. பொய்யாக இருந்தாலும் நம்புவதற்கு நான் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். 'மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ரிமோட்டுக்குப் போய்விட்டீர்கள். ஒரு பொய் சொல்லும் அளவுக்குக்கூட நான் முக்கியமில்லை போலிருக்கிறது.

படித்து முடித்ததும் ஜிஃபா கேட்டாள். "என்னக்கா, என்ன எழுதியிருக்காரு உன் மகாராஜா?" சொன்னேன். "நீ இங்கயே இரு. பின்னாடி ரூம் சும்மாதான் கிடக்கு. நல்ல கையால வெங்காயம் ஆய்ஞ்சா போதும்," என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஏரிப் பக்கம் ஒரு பாத்தி எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். சின்ன வெங்காயம் நட்டிருக்கிறோம். அறுவடைக்கு இரண்டு மாதம் ஆகும். அதுவரை நான் இங்கேதான். அதற்கப்புறம் என்ன என்று அப்புறம் பார்க்கலாம்.

அந்தப் பதினாலு கோலை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது ஆட்டமே இல்லை.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. நேற்று அக்கூ போன் செய்தாள். அவள் ஆரம்பித்தால் சொல்லி முடிக்காமல் விடமாட்டாள், நான் கேட்காமலே கொட்டினாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரு ஒரு ஃபேன் மாட்டியிருக்காரு. அது சேவல் கழுத்தத் திருகின மாதிரி கத்துதுக்கா. என் மிஷின் சத்தமே எனக்குக் கேக்கல. தெருவே பேசுது. அவரு என்னடான்னா அதுக்கு நேர் கீழ ஒக்காந்து சிரிச்ச முகமா காத்து வாங்கிட்டிருக்காரு." நீங்கள் எழுதியது சத்தமே இல்லாத ஃபேன். இரண்டு ஃபேன் வாங்கினீர்களா?

வருகிற ஞாயிறு கோயில் முடிந்ததும் போன் செய்கிறேன். ஸ்பீக்கர் சரியில்லை என்று வைத்துவிடாதீர்கள். காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எசெனம்


அன்லோகா
7 அக்டோபர் 2024, திங்கள்

செனாம் அப்பாவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். நேற்று நாம் போனில் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

நான், "சாப்பிட்டீங்களா?" என்றேன். நீங்கள், "ஆமா, நேத்து நல்ல மழை," என்றீர்கள். லைன் சரியில்லை என்று நினைத்தேன். "ரிமோட் கிடைச்சுதா?" என்றேன். "அவன் நல்லாத்தான் இருக்கான், தேமா துறைமுகத்துல வேலை அதிகமாம்," என்றீர்கள். செனாமைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுத்ததை வேண்டுமென்றேதான் சொன்னேன். "டாக்டர் என் கையை வெட்டி எடுத்துட்டாரு," என்றேன். நீங்கள் கொஞ்சம்கூட யோசிக்காமல், "நல்லது, நல்லது, கடவுளுக்கு நன்றி சொல்லு," என்றீர்கள்.

பக்கத்தில் இருந்த ஜிஃபா சிரிக்க ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கை இருக்கிறது. பயப்படாதீர்கள்.

இரவு உங்கள் கடிதங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் நீங்கள் சாமான் குறை சொல்லும்போது நான் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. இப்போதுதான் வாங்கினேன். நீங்கள் திருப்பிக் கொடுத்தது எல்லாம் என்னென்ன? ரேடியோ, இரண்டு ஸ்பீக்கர் செட், செனாம் வாங்கித் தந்த பெரிய போன், தலையில் மாட்டுகிற அது, இப்போது சவுண்ட்பார். இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததில்லை. மிக்சியை, டார்ச் லைட்டை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கத்துகிற ஃபேனுக்குத் தங்கக் காப்பு. கையைப் பிடித்துச் சொல்கிற கண்ட்ரோலருக்கு மாலை. வாயும் பேச்சும் ஒட்டாத நாடகத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

நான் டிவிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எத்தனை சண்டை. குறைத்துவிட்டு நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவீர்கள். ரோஷம் என்று நினைத்தேன்.

எத்தனை வருஷமாக?

அதைவிட ஒரு கேள்வி எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. 'கேட்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றே எல்லாவற்றையும் மறந்திருப்பேன். 'வரவில்லை' என்று ஏன் எழுதினீர்கள்? பெண்டாட்டி கூப்பிட்டும் எழுந்து வராத மனுஷன் என்று நான் உங்களை நினைத்தால் பரவாயில்லையா?

எசெனம்


ஹோ
14 அக்டோபர் 2024, திங்கள்

எசெனம்,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

ஐந்து வருஷம் இருக்கும். முதலில் போனது கொசு. பிளக்கில் மாட்டுகிற கொசு மெஷின் ஒன்று வாங்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதன் புகழை ஊரெல்லாம் பாடினேன். கொசு அப்படியேதான் இருந்திருக்கிறது. காலையில் கையெல்லாம் தடித்திருக்கும், எறும்பு என்று நினைத்துக்கொள்வேன். அடுத்து மழை போனது. தகரக் கூரையில் மழை பெய்கிறது என்பதை முற்றத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் போன், அப்புறம் பாதிரியார். ஆண்கள் குரல் இன்னும் கொஞ்சம் வருகிறது. பெண்கள் குரல்தான் சீக்கிரம் போய்விட்டது. முப்பது வருஷம் சாவு வீடுகளில் ஸ்பீக்கருக்கு முதுகைக் கொடுத்து நின்றதற்குக் கிடைத்தது இது.

நான் அத்தனை சாமானும் வாங்கியது ஏன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். இந்த ஸ்பீக்கர் போதாது, அடுத்தது கொஞ்சம் பெரிது, அதில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ளும்போது நிஜமாகவே கோபம் வரும், அந்தக் கோபம் எனக்கு உதவியாக இருந்தது. பிராஸ்பரை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன். பாவம், அவன் விற்றதெல்லாம் நல்ல சாமான்தான்.

என் அப்பாவை நீ பார்த்ததில்லை. நீ இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். அவருக்கும் இப்படித்தான் ஆனது. அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுவார்கள். "இவருக்கு எதுக்குப் புதுச் சட்டை?" "இவர எந்த ரூம்ல போடறது?" அவர் எங்கள் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். நானும் பேசியிருக்கிறேன், எசெனம். ஒரு தடவை அவர் முன்னாலேயே, "இவரு எப்போ போவாரோ" என்று சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

இரக்கமில்லாதவன் என்று நீ நினைத்தால் என்னோடு சண்டை போடுவாய். செவிடன் என்று தெரிந்தால் என்னைப் பற்றி வேறு யாரிடமாவது பேசுவாய். சண்டையே தேவலை என்று நினைத்துவிட்டேன். நீ வீட்டை விட்டே போவாய் என்று நினைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கூவுக்குப் பின்னால் ஓடி வந்து பார்த்தபோதுதான் நீ கீழே கிடந்தது தெரிந்தது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தோரு வருஷத்தில் ஒரே தடவை கூப்பிட்டாய், அதுவும் எனக்குக் கேட்கவில்லை. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. உன் குரலில் என் பேர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

கேம் ஆடும்போது மட்டும் எனக்கு எந்தக் குறையும் தெரியாது. நீ பக்கத்தில் இருப்பாய். கை எல்லாவற்றையும் சொல்லிவிடும். நீ என்னைத் திட்டுவதை உன் வாயைப் பார்த்தே படித்துவிடுவேன். மாலையில் அந்த ஒரு மணி நேரம் நான் பழைய ஆளாக இருந்தேன்.

வாசலில் நீ சொன்னபோது வெளிச்சம் உன் முதுகுப் பக்கம் இருந்தது. முகம் நிழலாகத்தான் தெரிந்தது. உதடு முதலில் மூடியதா திறந்ததா என்று ஏழு வாரமாக அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'போறேன்' என்றுதான் சொன்னாய் என்றால் அதையும் எழுது. வருத்தப்படமாட்டேன் என்று சொல்ல முடியாது, ரொம்ப வருத்தப்படுவேன். ஆனாலும் எழுது.

காட்ஸ்வே


அன்லோகா
20 அக்டோபர் 2024, ஞாயிறு

காட்ஸ்வே,

பேர் எழுதிவிட்டேன். இதற்குக் காது வேண்டாம், கண் போதும். இனி இப்படித்தான் கூப்பிடப் போகிறேன், ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய் நன்றாக அழுதேன். முதலில் உங்களுக்காக அழுதேன். அப்புறம் எனக்காக அழுதேன். ஐந்து வருஷம் நான் முதுகோடும் சுவரோடும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை விஷயம் சொல்லியிருப்பேன். என் சின்னம்மா செத்த அன்று உங்கள் பின்னால் நின்று பத்து நிமிஷம் பேசினேன், பதிலே இல்லை. அதை ஒரு வருஷம் மனதில் வைத்திருந்தேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதமாட்டேன். மறைத்ததற்குக் கோபம் இருக்கிறது. அந்தச் சண்டையை வந்து நேரில் போடுகிறேன், முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒரு வார்த்தையும் விட்டுப்போகாமல்.

இப்போது வாசலில் சொன்னது. 'வரேன்' இல்லை. 'போறேன்' இல்லை. கை உடைந்த இரண்டு நாளும் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். மேட்சுக்காகத்தானே என்னைக் கிடக்க விட்டீர்கள், இனி மேட்ச் பார்ப்பதை நானும் பார்க்கிறேன் என்று ரிமோட்டை எடுத்து ஒளித்து வைத்தேன். வாசல் வரை போய்விட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. தனியாக இருக்கப் போகிற மனுஷன், டிவியும் இல்லாமல் என்ன செய்வார் என்று தோன்றியது. திரும்பி நின்று, "ரிமோட் ஃபிரிட்ஜ் மேல இருக்கு, ரொட்டி டப்பாக்குப் பின்னாடி," என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

அவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் ஏழு வாரம் அதை வைத்துக்கொண்டு பச்சைச் சேலைக்காரியோடு அழுதிருக்கிறீர்கள்.

ஜிஃபா முதலில், "அந்தாளுக்குக் கேக்கலன்னு இப்பத்தான் சொல்றாராக்கும்," என்று நொடித்தாள். கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். அப்பாவைப் பற்றி எழுதிய இடம் வரை படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு என் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். வெங்காயப் பாத்தியை அவளே பார்த்துக்கொள்கிறாளாம்.

சில விஷயம் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பற்றி உங்கள் முன்னால் யாரிடமும் பேசமாட்டேன். உங்களிடம்தான் பேசுவேன். அடுத்த அறையிலிருந்து கூப்பிடமாட்டேன், வந்து தோளைத் தொடுவேன். பெரிய ஆஸ்பத்திரியில் காது பார்க்கிறவர்களிடம் போகிறோம். காதில் வைக்கக் கருவி கொடுத்தார்கள் என்றால் அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கக் கூடாது, குறை எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள். அந்த ஃபேனை முதல் வேலையாகக் கழற்ற வேண்டும். அக்கூ பாவம்.

அந்தப் பதினாலு கோலையும் திருப்பி வாங்காமல் விடமாட்டேன். மாவுக்கட்டு பிரித்தாயிற்று. விரல் மடங்குகிறது.

சனிக்கிழமை காலை முதல் வண்டியில் ஏறுகிறேன். நம் கேட்டைத் தட்டினால் உங்களுக்குக் கேட்காது. அதனால் தட்டமாட்டேன். கேட்டைத் திறந்து வைத்திருங்கள்.

எசெனம்


ஹோ
23 அக்டோபர் 2024, புதன்

எசெனம்,

டிரைவர் இப்போதே திரும்பிப் போகிறாராம், நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ரிமோட்டைப் பார்த்தேன். ரொட்டி டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. தொடவில்லை. நீ வந்து எடுத்துக் கொடு.

பிராஸ்பரிடம் போய், "நீ வித்ததெல்லாம் நல்ல சாமான்தான்டா, என் காதுதான் ரிட்டர்ன்," என்றேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். கல்லாவை விட்டு வெளியே வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாக ஏதோ சொன்னான். "ஒக்காருங்கண்ணே, டீ சாப்புடலாம்." முழுசாகப் பிடிபட்டது.

கேட்டை இன்றைக்கே திறந்து வைத்துவிட்டேன். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். அக்கூவின் ஆடு இரண்டும் உள்ளே வந்து உன் தக்காளிச் செடியை மேய்ந்துகொண்டிருக்கின்றன. மேயட்டும், கேட்டைச் சாத்தப் போவதில்லை.

காட்ஸ்வே